வடிகாலில் ஒரு வனம்

எங்கள் கல்லூரியில் வனாந்தரம் ஒரு பாடம். முழுப்பெயர் ‘வனாந்தரமும் படைப்புப் பராமரிப்பும்’. ஓராண்டுப் பட்டயம், வாரத்தில் மூன்று நாள் மாலை வகுப்பு. கீழ்வேளூருக்கும் வேளாங்கண்ணிக்கும் நடுவில், எந்தப் பக்கம் திரும்பினாலும் நெல்லும் வரப்புமாக இருக்கிற இடத்தில் உட்கார்ந்துகொண்டு வனாந்தரம் படிக்கலாம் என்று ஒருவருக்குத் தோன்றியிருக்கிறது பாருங்கள், அந்த மூளைக்கே தனியாக ஒரு பட்டயம் கொடுக்கலாம். அது எங்கள் துறைத்தலைவர் டாக்டர் ரெத்தினராஜின் மூளை. நான் அவர் துறையில் ஆய்வக உதவியாளன், ஞானாதிக்கம். பெயருக்கும் எனக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. கண்ணாடிக் குடுவை கழுவுவேன், அறிக்கை தட்டச்சு செய்வேன், துறையின் சாவிக்கொத்து என் இடுப்பில் தொங்கும். இருபத்தெட்டு வருஷமாக இதுதான் என் ஊழியம்.

நான் சொல்ல வந்தது மலர்க்கொடியைப் பற்றி. முதல் வருஷம் அந்தப் பட்டயத்துக்குச் சேர்ந்தவர்கள் பன்னிரண்டு பேர். அதில் நாலு பேர் போதகர்களின் பிள்ளைகள், வேறெங்கும் இடம் கிடைக்காதவர்கள். இரண்டு பேர் பென்ஷன் வாங்கியும் வீட்டில் இருப்புக்கொள்ளாதவர்கள். மற்றவர்கள் சான்றிதழ் சேர்ப்பவர்கள். கையெழுத்துப் போட்ட காகிதம் எதுவானாலும் அவர்களுக்குச் சரி. ஒரு காரணத்தோடு வந்தவள் மலர்க்கொடி மட்டும்தான். வயது முப்பத்து நாலு. கல்லூரிக்குத் தெற்கே பள்ளவெளியில் நூறு நாள் வேலையின் பணித்தளப் பொறுப்பாளர். சேலைக்கு மேல் போட்டிருக்கும் முழுக்கைச் சட்டையைக் கழற்றிப் பையில் வைத்துவிட்டு முதல் பெஞ்சில் உட்காருவாள். அலையாத்திக் காட்டுத் திட்டம் ஒன்றில் களப்பணியாளர் எடுக்கப்போகிறார்கள், அதற்கு இந்தப் பட்டயம் இருந்தால்தான் மனுவே போட முடியும் என்று கேள்விப்பட்டு வந்திருந்தாள். அவள் புருஷன் புகழேந்தி நாகப்பட்டினத்தில் மினி லாரி ஓட்டுகிறான். அவன்தான் விண்ணப்பம் வாங்கிக்கொடுத்தது.

சித்திரையில் எல்லோரையும் கொடைக்கானலுக்குக் கூட்டிப்போனார் டாக்டர். மூன்று நாள் ‘வனாந்தர அனுபவம்’. வெந்நீர் வருகிற விடுதி, காலையில் பூரி, சாயங்காலம் கிடாருடன் பாட்டு. தண்ணீர்ப் பெட்டிகளைச் சுமக்க நானும் போயிருந்தேன். பள்ளத்தாக்கைக் காட்டி டாக்டர் கண்களை மூடிக்கொண்டு பேசினார். மனிதன் கை படாத இடத்தில்தான் தேவன் பேசுவாராம். மலர்க்கொடி கையைத் தூக்கினாள்.

“சார், இது பட்டாவா, புறம்போக்கா?”

மற்றவர்கள் சிரித்தார்கள். டாக்டர் சிரிக்காமல், ஒரு குழந்தையை மன்னிக்கிற முகத்தோடு, “இது கடவுளோடதும்மா” என்றார்.

“கீழ போர்டுல வனத்துறைன்னு போட்டிருக்கே சார்.”

அதற்குப் பிறகு அவர் கண்ணை மூடவில்லை. அவள் குதர்க்கம் பேசவில்லை. எங்கள் பக்கத்தில் ஒரு குழி மண்ணுக்குக்கூட யாராவது ஒருவர் பொறுப்பு. யார் வரப்பு, யார் மடை, யார் தூர் வார வேண்டும் என்று தெரியாமல் ஒரு நாள் ஓட்ட முடியாது. பராமரிப்பு என்று பாடத்தின் பெயரிலேயே எழுதி வைத்துக்கொண்டு, பொறுப்பு யாருடையது என்று கேட்டால் சிரிக்கிற வகுப்பு அது.

மலையிலிருந்து இறங்கியதும் டாக்டருக்குச் சொந்தமாக ஒரு வனாந்தரம் வேண்டும் என்ற ஆசை பிடித்துக்கொண்டது. கார்த்திகை பிறக்கிற வாரத்தில் கல்லூரிக்குத் தர ஆய்வுக் குழு வருவதாக இருந்தது. அவர்களுக்குக் காட்ட ஏதாவது வேண்டுமே. விடுதிக்குப் பின்னால் முப்பதடி அகலத்தில் கோரையும் காட்டாமணக்குமாக ஒரு நீளப் பள்ளம் கிடந்தது. வைகாசியில் அது எலும்பாகக் காய்ந்திருக்கும். ‘பாழ்நிலம்’ என்று அதற்குப் பெயர் சூட்டினார். கட்டட இடிபாடு முப்பது லாரி, மேலே செம்மண் நாற்பது லாரி கொட்டி நிரவி, புங்கன், நாவல், இலுப்பை என்று இரண்டாயிரம் கன்று நட்டு அடர்வனம் ஆக்குவதாகத் திட்டம். வெளிநாட்டு நன்கொடையாளர் ஒருவர் கன்றுகளுக்கு ஏற்பாடு செய்தார். முதல் லாரி வந்த அன்று மலர்க்கொடி வகுப்புக்கு முன்னதாகவே ஓடி வந்தாள்.

“சார், இது வடிகால். பள்ளவெளி தண்ணி பூரா இதுலதான் எறங்கும்.”

“தண்ணி எங்கம்மா இருக்கு? ஒரு சொட்டு காட்டு.”

“இப்ப இருக்காது சார். ஐப்பசியில பாருங்க.”

“ஐப்பசிக்குள்ள மரம் உன் ஒசரத்துக்கு வந்துடும்.”

டாக்டரின் ஊர் மார்த்தாண்டம் பக்கம். அங்கே மேட்டில் பெய்தால் பள்ளத்துக்கு ஓடிவிடும், யாரும் வழி சொல்ல வேண்டாம். இங்கே நிலம் தட்டையாகக் கிடக்கிறது. தண்ணீர் வர வாய்க்கால் வேண்டும், வெளியே போக வடிகால் வேண்டும். முதலாவது அடைந்தால் பயிர் காயும், இரண்டாவது அடைந்தால் அழுகும். இதைத் தெரிந்துகொள்ள முனைவர் பட்டம் தேவையில்லை. அவள் விடாமல் நின்றதால் கடைசியில், பிச்சை போடுகிற தோரணையில், மண்ணுக்கடியில் ஒரு பிளாஸ்டிக் குழாய் போடச் சொன்னார். அறுபது ஏக்கர் மழைநீருக்கு ஒன்பது அங்குலக் குழாய் ஒன்று. கன்று நட்டதும் சுற்றிக் கம்பிவேலி, கேட், பூட்டு; அதன் சாவியும் என் கொத்தில் சேர்ந்தது.

நான் என்ன செய்தேன் என்று கேட்பீர்கள். லாரிக்காரர்களுக்குச் சீட்டுக் கிழித்துக்கொடுத்தேன். அது வடிகால் என்று எனக்குத் தெரியாதா? என் அப்பா இந்தக் கல்லூரிக்கு வாட்ச்மேனாக வரும்வரை எங்கள் குடும்பமும் பள்ளவெளி வயலில்தான் நாற்றுப் பறித்தது. அந்த வடிகாலில் நான் விரால் பிடித்திருக்கிறேன். ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. என் மகனுக்கு ஊழியர் ஒதுக்கீட்டில் பி.காம். இடம் கேட்டு மனுப் போட்டிருந்தேன்.

மலர்க்கொடி தன் செயல்திட்ட நோட்டில் வடிகாலையே எழுதினாள். கயிறு பிடித்து அளந்து, எங்கே தொடங்குகிறது, எந்த மதகில் சேர்கிறது, எத்தனை சென்டிமீட்டர் மழைக்கு எத்தனை நாளில் வடியும் என்று வருஷவாரியாகப் பென்சிலில் எழுதியிருந்தாள். பதினாலாம் பக்கத்தில் வரைபடம். அதில் வடிகாலின் குறுக்கே ஒரு பச்சைக் கட்டம் போட்டு, ‘கல்லூரி வனம்’ என்று பெயர் எழுதியிருந்தாள். இருபத்தெட்டு வருஷத்தில் அந்தத் துறையில் நான் பார்த்த ஒரே உருப்படியான நோட்டு அதுதான். டாக்டர் அந்தப் பக்கத்தில் சிவப்பு மையால் ‘தேவையற்றது’ என்று எழுதினார்.

ஐப்பசி கடைசியில் மூன்று நாள் விடாமல் மழை. குழாயின் வாயில் வெங்காயத்தாமரை வந்து அடைத்துக்கொண்டது. பள்ளவெளியில் தூர் கட்டிக்கொண்டிருந்த சம்பாப் பயிர் தலை முழுகிற்று. மலர்க்கொடியின் நாலு மா நிலமும் அதற்குள்தான். மூன்றாம் நாள் சாயங்காலம், மறுநாள் குழு வரப்போகிற நேரத்தில், ஈரச் சேலையோடு டாக்டர் அறைக்கு வந்தாள். நான் சுவரில் படம் மாட்டிக்கொண்டிருந்தேன்.

“சார், வனத்து கேட்டத் தொறந்து விட்டீங்கன்னா நாங்களே ஒரு ஓரமா வெட்டி விட்டுக்குவோம். நாலடி போதும். மரத்துக்கு ஒண்ணும் ஆகாது.”

“நாளைக்கு குழு வருதும்மா. ரெண்டு நாள் பொறு, நானே ஜேசிபி வரச் சொல்றேன்.”

“அஞ்சு நாள் முழுகிக் கெடந்தா அழுகிடும் சார். இன்னிக்கு மூணு.”

“போன வாரம்தான பொறுமையைப் பத்தி வகுப்பு எடுத்தேன்?” என்றார். எனக்குக் கையிலிருந்த சுத்தியலை அவர் மேசைமேல் போட வேண்டும்போல் இருந்தது. போடவில்லை. ஆணி அடித்தேன். அவர் தொடர்ந்தார். “நாளைக்கு நீதான் குழுவுக்கு வனத்த சுத்திக் காட்டணும். உள்ளூர்ப் பொண்ணு பேசினா எடுபடும். நோட்டுல அந்தப் பதினாலாம் பக்கத்த மட்டும் கிழிச்சுடு. உன் பட்டயத்துல கையெழுத்துப் போடப்போறது நான்தாங்கிறத மறந்துடாத.”

அவள் வெளியே வந்து வராந்தாவில் எனக்காக நின்றாள்.

“அண்ணே, சாவியக் குடுங்க. விடியக்கால வெட்டிட்டு திரும்பப் பூட்டிடறோம். ஒங்க பேரு வெளிய வராது.”

“எங்கிட்ட ஏம்மா கேக்குற? அவருகிட்ட கேளு.”

“அவருகிட்ட கேட்டுட்டுத்தான வரேன்.”

“அப்ப அவரு சொன்னதுதான்.”

அவள் என் இடுப்பில் தொங்கிய சாவிக்கொத்தை ஒரு தடவை பார்த்தாள். பிறகு மழையில் இறங்கிப் போனாள்.

காலை ஆறு மணிக்குப் பதினெட்டுப் பெண்களும் நாலைந்து ஆண்களும் மண்வெட்டி, கடப்பாரையோடு வந்தார்கள். மலர்க்கொடிதான் பூட்டை உடைத்தாள். நான் ஆய்வக மாடியிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். நாலடி வெட்டினார்கள், மற்றதைத் தண்ணீரே பார்த்துக்கொண்டது. செம்மண்ணும் செங்கல் துண்டும் இருநூறு முந்நூறு கன்றுமாகப் புரட்டிக்கொண்டு, எட்டு மணிக்கெல்லாம் வடிகால் வடிகாலாக ஓடியது.

பத்து மணிக்குக் குழு வந்தது. டாக்டரின் முகம் ஒரு நிமிடம் வெளுத்தது, ஒரே நிமிடம்தான். அடுத்த நிமிடம் கையை விரித்து, “இதுதான் சார் எங்க ஈரநில மீட்பு. மக்கள் பங்கேற்போட” என்றார். நான் நிறைய வெட்கங்கெட்டவர்களைப் பார்த்திருக்கிறேன், கண்ணாடியிலும் பார்க்கிறேன். அவ்வளவு வேகத்தில் பார்த்ததில்லை. குழுத் தலைவர் கால்சட்டையை மடித்துவிட்டுக்கொண்டு படம் எடுத்துக்கொண்டார். குழுவிலிருந்த ஓர் அம்மாள், சேறும் சகதியுமாக நின்ற மலர்க்கொடியிடம் இது என்ன என்று கேட்டார்.

“வடிகால் மேடம். ரொம்ப நாளா இருக்கு.”

டாக்டர் அதை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தார். மொழிபெயர்ப்பு மூன்று நிமிடம் நீண்டது. துறைக்கு அந்த வருஷம் மிக உயர்ந்த மதிப்பெண்.

பள்ளவெளிப் பயிர் பிழைத்தது. மலர்க்கொடிதான் பிழைக்கவில்லை. கன்று கொடுத்த வெளிநாட்டுக்காரருக்குக் கணக்குச் சொல்ல வேண்டியிருந்ததால், கல்லூரிச் சொத்தைச் சேதப்படுத்தியதாக அவள்மேல் விசாரணை வைத்தார்கள். ஒரே மத்தியானம் ஒரே கணினியில் நான் இரண்டு கோப்புத் தட்டச்சு செய்தேன். ஒன்றில் அது ஈரநிலம், இன்னொன்றில் அது சேதம். இரண்டிலும் ஒரே புகைப்படம்.

விசாரணையில் அவள் ஒளிக்காமல் சொன்னாள். பூட்டை உடைத்தது நான்தான். அதற்கு முன்னால் சாரிடம் கேட்டேன், சாவி வைத்திருந்தவரிடமும் கேட்டேன், யாரும் திறக்கவில்லை என்றாள். டாக்டரோ, அவள் தன்னிடம் கேட்கவே இல்லை என்றார். அப்படியானால் மிச்சம் நான். கேட்டும் மறுத்தோம் என்றால் தப்பு கல்லூரியுடையது. கேட்காமலே உடைத்தாள் என்றால் அவளுடையது. முதல்வர் ஒரு தாளை என்னிடம் நீட்டினார். ‘பூட்டு உடைக்கப்படுவதற்கு முன் சாவி கேட்கப்பட்டதா?’ என்று அதில் இருந்தது. மகனுக்கு இடம் கிடைத்து ஆறு மாதம் ஆகியிருந்தது. ஓய்வுக்கு நாலு வருஷம் இருந்தது. ‘சாவியை யாரும் கேட்கவில்லை’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். என் கையெழுத்து அழகாக இருக்கும், எல்லோரும் சொல்வார்கள். விசாரணை அறிக்கையின் நகல் ஒன்று சட்டப்படி அவளுக்கும் போனது. பட்டயம் பதினொரு பேருக்கு வழங்கப்பட்டது. அலையாத்தித் திட்டத்துக்கு மனுப் போடும் தேதி தாண்டிப்போயிற்று; அந்த வேலை எங்கள் வகுப்புப் போதகர் பிள்ளைகளில் ஒருவனுக்குக் கிடைத்தது. சேறு பட்டால் அவனுக்குத் தோலில் தடிப்பு வரும்.

இந்தப் புரட்டாசியில் இரண்டாவது வருஷம் சேர்ந்த மாணவர்களை டாக்டர் வடிகாலுக்குக் கூட்டிவந்தார். இப்போது அதற்குப் பலகை வைத்தாயிற்று: ‘துறை மீட்டெடுத்த ஈரநிலம்’. நான் மைக்கைப் பிடித்துக்கொண்டு பின்னால் நின்றேன். மழைக்கு முன் தூர் வார நூறு நாள் ஆட்கள் இறங்கியிருந்தார்கள். சேலைமேல் முழுக்கைச் சட்டையோடு மலர்க்கொடி இடுப்பளவுத் தண்ணீரில் நின்று வெங்காயத்தாமரையை இழுத்துக் கரையில் போட்டுக்கொண்டிருந்தாள். டாக்டர் அவளைப் பார்க்காமலே, உள்ளூர் சமுதாயத்தின் ஒத்துழைப்பு என்று அந்தத் திசையில் கையைக் காட்டினார். ஒரு மாணவி கரையோரம் குனிந்து, இதெல்லாம் எதற்கு என்று கேட்டாள்.

“தண்ணி போறதுக்கும்மா,” என்றாள் மலர்க்கொடி. அந்தப் பெண் அதை நோட்டில் எழுதிக்கொண்டாள்.

பிறகு மலர்க்கொடி நிமிர்ந்தாள். கோபமாகக்கூட இல்லை. கடையில் பார்த்தால் சௌக்கியம் கேட்கிற குரலில், எல்லோர் முன்னாலும் கேட்டாள்.

“என்னண்ணே, இந்தத் தடவ யாராச்சும் சாவி கேட்டாங்களா?”

மாணவர்கள் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். நான் மைக்கை மறு கைக்கு மாற்றிக்கொண்டேன். ‘இல்லை’ என்பதை ஏற்கெனவே ஒரு தடவை எழுதிக் கொடுத்தாயிற்று.