நடுவில் நிற்காத வெள்ளைக் கோடு

என் அக்கா புளோறன்ஸ் கொட்டாஞ்சேனைக் கன்னியர் பள்ளியொன்றில் தற்காலிக ஆசிரியை. 1938இல் இன்ரர் சயன்ஸ் பரீட்சை தேறாவிட்டால் வேலை போய்விடும் என்று பள்ளித் தலைவியான மதர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

செய்முறைப் பரீட்சைக்கு அக்கா வீட்டிலேயே பழகினாள். கண்ணாடித் துண்டை மண்ணெண்ணெய் விளக்கில் பிடித்துக் கரியேற்றுவாள். கரி அழியாதிருக்க வார்னிஷ் பூசுவாள். அது காய்ந்த பிறகுதான் பிளேட்டால் நெருக்கமாக இரண்டு கீறல் போடுவாள். அவற்றினூடே விளக்கைப் பார்த்தால் வெளிச்சமும் இருட்டும் வரிவரியாகத் தெரியும். இரண்டு கீறலிலிருந்தும் வரும் அலைகள் சேர்ந்து வந்தால் வெளிச்சம். ஒன்று மற்றதைவிட அரை அலை பிந்தினால் இருட்டு. அந்தப் பிந்தல்தான் அவத்தை வித்தியாசம் என்று எனக்கும் விளங்க வைத்தாள். ஓரங்களில் நிறம் கசியும் அந்த வரிகளுக்கு நடுவே சாயமில்லாத ஒரு வெள்ளைக் கோடு நிற்கும். அங்கே பிந்தலே இல்லை.

பரீட்சையில் அவர்கள் கொடுத்த கண்ணாடியில் அந்த வெள்ளைக் கோடு அளவுகோலின் நடுக்குறியை விட்டு இடப்பக்கம் ஒதுங்கி நின்றது. அக்கா கண்ணாடியைத் தூக்கிப் பார்த்தாள். எந்த மடையனோ கீறிய பிறகு வார்னிஷ் பூசியிருக்கிறான். இடக் கீறலை ஒரு துளி மூடியிருந்தது. வார்னிஷுக்குள்ளால் வரும் ஒளி பிந்துகிறது, அதனால் இரண்டும் ஒன்றாகச் சேரும் இடம் இடப்பக்கம் நகர்ந்துவிட்டது என்று காரணத்தோடு எழுதினாள். பரீட்சகர் கண்ணாடியைத் தொட்டும் பார்க்கவில்லை. கருவி சரியானது, பிழை உன் கையில் என்றார். அக்கா தேறவில்லை. இன்றைக்கும் அந்த மனிதர்மேல் எனக்குக் கோபம்தான்.

மதர் அவளை நிறுத்தாமல் இன்னும் ஒரு வருடம் பொறுத்துக்கொண்டார். அடுத்த முறை பரீட்சை முடிந்து வந்த அக்கா சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் கட்டிலில் உட்கார்ந்தாள்.

"கோடு எங்க நிண்டது அக்கா?"

"அதே கண்ணாடி. அதே இடம்."

"நீங்க என்ன எழுதினீங்க?"

"நடுவில எண்டு."

தேறினாள். செய்முறையில்தான் கூடிய புள்ளி. வேலையும் நிரந்தரமானது. அதற்குப் பிறகு ஒவ்வொரு வருடமும் பிள்ளைகளைப் பரீட்சைக்கு அனுப்பும்போது, கோடு எங்கே நின்றாலும் நடுவில் என்றே எழுதச் சொன்னாள். அந்தப் பிள்ளைகளில் நானும் ஒருத்தி. எனக்கும் கோடு இடப்பக்கம்தான் நின்றது. நடுவில் என்று எழுதிவிட்டு வந்தேன்.