சுவரைத் தட்டிப் பார்க்கிறவர்

எங்கள் கடையில் அவரை எல்லோரும் டாக்டர் என்றுதான் கூப்பிடுவோம். ஊசி போடுகிற டாக்டர் இல்லை. டிவி வாங்கியவர்கள் வீட்டுக்குப் போய் அதைச் சுவரில் மாட்டிக் கொடுக்கிற ஆள். டிரில்லைப் பையிலிருந்து எடுப்பதற்கு முன்னால், நோயாளியின் முதுகைத் தட்டுகிற மாதிரி நடுவிரலை மடக்கிச் சுவரைத் தட்டித் தட்டிக் கேட்பார். அதனால் வந்த பெயர். நான் வாசலுக்கு எதிர் மேசையில் உட்கார்ந்து போன் எடுக்கிறவள். எந்த வீட்டுக்கு எப்போது ஆள் போக வேண்டும் என்று சீட்டு எழுதிக் கொடுப்பது என் வேலை. பதினோரு வருஷம் அவருக்குச் சீட்டு எழுதியிருக்கிறேன். அவரைப் பற்றிச் சொல்ல என்னை விட்டால் ஆள் இல்லை. எனக்கு அந்த யோக்கியதை இருக்கிறதா என்பது வேறு விஷயம்.

சுவர் என்றால் எல்லாம் சுவர்தானே என்று ஒருநாள் தெரியாத்தனமாகக் கேட்டுவிட்டேன். மனிதர் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்துவிட்டார்.

“அப்படிச் சொல்லாதம்மா. கான்கிரீட்டைத் தட்டினா நம்ம விரல்தான் வலிக்கும், அது வாயே திறக்காது. செங்கல்லு நல்லா பதில் பேசும். ஜிப்சம் பலகை காலி டப்பா, டொக்கு டொக்குனு கத்தும். இப்போ புதுசா ஒரு லேசான கல்லு வருதே, உள்ள பூரா காத்து, கையில எடுத்தா ரொட்டி மாதிரி இருக்கும். அதுதான் திருட்டுப் பய. மேல சிமென்ட் பூசிட்டா கான்கிரீட் மாதிரியே நிப்பான். தட்டினா மட்டும் மந்தமா ஒரு சத்தம் வரும். அதுல மாட்டிக்குவான்.”

ஒவ்வொரு சுவருக்கும் துளைக்குள் சொருகித் திருகைக் கவ்வ வைக்கிற பிளாஸ்டிக் பிளக் வேறு, திருகு வேறு. மாற்றிப் போட்டால் உடனே ஒன்றும் ஆகாது. இன்றைக்கு நிற்கும், நாளைக்கும் நிற்கும், ஒருநாள் சொல்லாமல் கொள்ளாமல் கீழே வந்துவிடும். அப்போது வரைக்கும் அவர் மாட்டியது ஒன்றுகூட அப்படி வந்ததில்லை.

அவர்மேல் எனக்கு வந்த புகார் எல்லாம் ஒரே புகார்தான். வேலை முடிந்த பிறகும் கிளம்ப மாட்டார். டிவியைப் போடச் சொல்வார். வீட்டில் இருக்கிற எல்லோரையும் கூப்பிட்டு உட்காரச் சொல்வார். படம் மறைக்கிறதா, கழுத்து வலிக்கிறதா என்று ஒவ்வொருவராகக் கேட்பார். அதன் பிறகும் சோபாவுக்குப் பின்னால் நின்று அவர்களோடு சேர்ந்து கால் மணி நேரம் பார்ப்பார். “உங்க ஆளு எங்க வீட்டுலயே தங்கிடுவாரு போலிருக்கே” என்று ஒரு அம்மாள் என்னைப் போனில் பிடித்து உலுக்கினாள். எனக்கு வந்த கோபத்தில் அவரை நிற்க வைத்துக் கேட்டேன்.

“ஆட்டம் இருக்கான்னு பாக்கணும்ல தங்கச்சி” என்றார்.

“கால் மணி நேரமா ஆடும்?”

சிரித்தார். பையைத் தூக்கிக்கொண்டு அடுத்த வீட்டுக்குக் கிளம்பிவிட்டார். எனக்கும் அப்போது புரியவில்லை. என் வீட்டில் மாமியார், இரண்டு பிள்ளைகள், நாத்தனார், அவள் குடும்பம். ஒரு நிமிஷம் தனியாக உட்கார இடம் கிடைக்காதா என்று தவிக்கிறவள் நான். எனக்கு எப்படிப் புரியும்?

அவர் மனைவி இறந்து ஆறு வருஷம். மாடியில் ஒற்றை அறை. ஒரு கட்டில், ஒரு ஸ்டவ், ஜன்னலைத் திறந்தால் பக்கத்து வீட்டுச் சுவர். ஒரே மகன் எங்கோ தூரத்து ஊரில் குடும்பத்தோடு இருக்கிறான். அவன் ஒருநாள் கடை நம்பருக்குக் கூப்பிட்டு என்னிடம் குறைப்பட்டுக்கொண்டான். “அப்பா போனே எடுக்க மாட்டேங்கிறாரு அக்கா. எடுத்தாலும் சரி சரின்னு சொல்லிட்டு வெச்சுடுறாரு. என்மேல என்ன கோபம்னு கேட்டுச் சொல்லுங்களேன்.” நானும் மகனிடம் என்ன ரோஷம் என்று அவரை மனசுக்குள் திட்டினேன்.

குட்டு உடைந்தது அடுத்த வாரம். டிவியைத் தாங்குகிற இரும்புச் சட்டம் ஒன்று மேல் தட்டிலிருந்து அவர் முதுகுக்குப் பின்னால் விழுந்தது. கடையே அதிர்ந்தது. வாசலில் போனவர்கள்கூட நின்று பார்த்தார்கள். அவர் மட்டும் திரும்பவில்லை. குனிந்து திருகுகளைப் பொறுக்கிக்கொண்டே இருந்தார்.

யாரும் இல்லாதபோது எதிரில் போய் நின்று கேட்டேன். “அண்ணே, எத்தனை நாளா காது கேக்கல?”

அவர் என் வாயையே பார்த்தார். அப்புறம் தலையைக் குனிந்துகொண்டார். “இடது போயி மூணு வருஷம் ஆச்சு. வலதும் இப்போ போயிட்டு இருக்கு. காலம் பூரா டிரில் சத்தம், வேற என்ன ஆகும்? காதுல மிஷின் வெச்சும் பாத்தேன், இரைச்சல்தான் கேக்குது. மொதலாளிகிட்ட சொல்லிடாத தங்கச்சி, உன்னைக் கும்பிட்டுக் கேக்குறேன். இந்த வேலை இல்லேன்னா நான் எந்த வீட்டுக்குப் போவேன்? யாரு என்னை உள்ள கூப்புடுவா? அந்த ரூம்ல நாலு சுவத்தைப் பாத்துக்கிட்டே செத்துப் போயிடுவேன்.”

என் வாய் சும்மா இருக்குமா? “சாகறதா இருந்தா எனக்கு முன்கூட்டியே சொல்லிடுங்க, வேற ஆள் பாக்கணும்” என்றேன். உதட்டைப் படித்துவிட்டுப் பெரிதாகச் சிரித்தார்.

அன்றைக்கே ஒரு வழி கண்டுபிடித்தேன். போனில் கூப்பிடுகிறவர்களிடம் என்ன சுவர் என்று கேட்பேன். அவர்களுக்கு எங்கே தெரியும்? அதனால் இரண்டாவதாக ஒரு கேள்வி: “ஒரு சின்ன ஆணி அடிச்சுப் பாருங்க. இறங்குதா, வளையுதா? தூள் என்ன நிறம்?” பதிலை வைத்து நானே முடிவுகட்டிச் சீட்டின் மூலையில் எழுதிவிடுவேன். செங்கல். கான்கிரீட். பலகை. லேசான கல். முதலில் அவர் அதை ஒரு துணைக்குத்தான் வைத்துக்கொண்டார். போகப்போக அதையே நம்பினார். சுவரைத் தட்டுவது மட்டும் நிற்கவில்லை. வீட்டுக்காரர்கள் பார்க்க வேண்டுமே என்று மூன்று தட்டுத் தட்டித் தலையை ஆட்டிக்கொள்வார். இப்படி ஒன்றரை வருஷம் ஓட்டினோம். பாதி டாக்டர் நான்தான் என்று எனக்குக் கொஞ்சம் திமிர்கூட வந்தது.

ஒருநாள் என் நாத்தனாரோடு செல்போனில் ஏகத்துக்கும் வாக்குவாதம். யார் துணி காயப்போட்ட இடத்தை யார் எடுத்துக்கொண்டார்கள் என்று ஒரு உலக மகா பிரச்சினை. நடுவில் கடை போன் அடித்தது. புதுக் குடியிருப்பு, ஒன்பதாவது மாடி, பெரிய டிவி, முன்னால் இழுத்துத் திருப்புகிற கை வைத்த சட்டம் வேண்டுமாம். என்ன சுவர் என்று கேட்டேன். “கான்கிரீட் பில்டிங்தான்” என்றார் அந்த வீட்டு மனிதர். இன்னொரு காதில் நாத்தனார் கத்திக்கொண்டிருந்தாள். ஆணிக் கேள்வியைக் கேட்கவில்லை. கான்கிரீட் என்று எழுதிக் கிழித்துக் கொடுத்துவிட்டேன்.

கட்டடம் கான்கிரீட்தான். தூணும் தளமும் கான்கிரீட். நடுவில் வைத்துக் கட்டிய சுவர் அந்த லேசான கல்.

சாயங்காலம் திரும்பி வந்தவருக்கு முகம் கொள்ளாத சந்தோஷம். “புது டிரில் பிரமாதம் தங்கச்சி! கான்கிரீட்ல வெண்ணெய் மாதிரி இறங்குது. அஞ்சே நிமிஷம். அந்த வீட்டுல ஒரு கைக்குழந்தை, டிவி போட்டதும் என்னைப் பாத்துக் கையைத் தட்டிச்சு.” பழைய காது இருந்திருந்தால் தட்டியதுமே அந்த மந்தமான சத்தம் கேட்டிருக்கும், அப்படி இறங்குகிற சுவரை நம்பியிருக்க மாட்டார். நானாவது யோசித்திருக்கலாம். வீட்டுக்குப் போகிற பஸ் வந்துவிட்டது, கிளம்பிவிட்டேன்.

நான்காம் நாள் காலையில் டிவி விழுந்தது. அடுப்படியிலிருந்து பார்க்கலாம் என்று யாரோ சட்டத்தின் கையோடு டிவியை முன்னால் இழுத்துத் திருப்பியிருக்கிறார்கள். பிளக்கோடு சுவரும் உதிர்ந்து வந்துவிட்டது. கீழே பாய். அந்தப் பாயில்தான் குழந்தை கிடக்குமாம். நல்லவேளை, குளிப்பாட்டத் தூக்கிப் போயிருந்தார்கள்.

அந்த வீட்டுக்காரர் கடைக்கு வந்து ஆடிய ஆட்டத்தைச் சொல்ல வேண்டியதில்லை. அவர் போன பிறகு முதலாளி என் மேசைக்கு வந்தார். “தட்டிப் பாத்தாராம், தலையை ஆட்டினாராம். இத்தனை வருஷ ஆளு, இதுகூடத் தெரியலையா? நாளைக்கு வந்தா வேண்டாம்னு சொல்லிடு. எனக்கு மூஞ்சியில அடிச்ச மாதிரி சொல்ல வராது.”

எனக்கு மட்டும் வருமா? சீட்டில் நான்தான் எழுதினேன் என்று சொல்ல வாயெடுத்தேன். சொன்னால், அவர் ஏன் உன் சீட்டை நம்பினார் என்று அடுத்த கேள்வி வரும். காது விஷயம் வெளியே வரும். அவருக்காகத்தான் வாயை மூடிக்கொள்கிறேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பொய். என் வேலை போனால் வீட்டில் என் நிலைமை என்ன என்பதுதான் அந்த நேரத்தில் என் கண்முன் நின்றது.

மறுநாள் ஒன்பது மணிக்கு வந்தார். சலவைச் சட்டை, தோளில் பை. முகத்தைப் பார்த்தால் சொல்ல முடியாது என்று ஃபைல் அலமாரி பக்கம் திரும்பிக்கொண்டேன். “அண்ணே, அந்த ஒன்பதாவது மாடி டிவி விழுந்துடுச்சு. மொதலாளி இனிமே உங்களை வர வேணாம்னு சொல்லிட்டாரு” என்று அலமாரியிடம் சொல்லி முடித்தேன்.

திரும்பினேன். கையை நீட்டியபடி சிரித்துக்கொண்டு நின்றார். “இன்னிக்கு எந்த வீடு தங்கச்சி?”

மறுபடி சொல்ல வேண்டியதாயிற்று. முகத்துக்கு நேராக, நிறுத்தி நிறுத்தி. அவர் கண் என் உதட்டை விட்டு நகரவில்லை. பாதியிலேயே அவருக்குப் புரிந்துவிட்டது, இருந்தாலும் கடைசிச் சொல்வரை நின்று பார்த்தார்.

“கொழந்தை?”

“ஒண்ணும் ஆகல அண்ணே.”

அவர் உடம்பு அப்போதுதான் தளர்ந்தது. “நான் சரியாத் தட்டிப் பாக்கல. என் தப்புதான். உன்னை யாரும் ஒண்ணும் சொல்லலையே?” என்றார்.

இல்லை என்று தலையாட்டினேன். பையைத் தோளில் ஏற்றிக்கொண்டு வாசலை நோக்கி நடந்தார். எனக்கு என்ன ஆயிற்றோ, எழுந்து நின்று கத்திவிட்டேன். “அண்ணே, உங்க தப்பு இல்ல! நான்தான் கேக்காம கான்கிரீட்னு எழுதினேன்!”

முதலாளி உள்ளே இருந்து எட்டிப் பார்த்தார். வாங்க வந்த இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். அவர் கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே போய்விட்டார். முதுகுக்குப் பின்னால் சொன்னால் அவருக்குக் கேட்காது என்பது அந்தக் கடையில் எனக்கு ஒருத்திக்குத்தான் தெரியும். தெரிந்துதான் கத்தினேன். பத்தடி ஓடி அவர் முன்னால் போய் நின்றிருக்கலாம். நான் போகவில்லை.