அளவுக் கண்ணாடியில் ரெண்டு மில்லி

மழைமானியின் புனலைத் தூக்கினாலே விரல் சில்லிட்டுப் போகும். உள்ளே சேர்ந்த தண்ணீரை அளவுக் கண்ணாடியில் ஊற்றி, குனிந்து கண்ணுக்கு நேராக வைத்து எத்தனை மில்லிமீட்டர் என்று பார்க்க வேண்டும். தினமும் காலை எட்டரைக்கு...

எண்பதுகளின் நடுவில், தென்காசியில் ஓர் அரசு அலுவலகத்தில் எனக்குக் கிடைத்த முதல் வேலை அது. ஊர் மழையே என் கையில் இருப்பதாக எனக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு.

சுடலை அண்ணாச்சி குற்றாலத்தில் எண்ணெய் தேய்த்துவிடுகிறவர். வேலைக்குப் போகிற வழியில் சைக்கிளை நிறுத்தி, எங்கள் காம்பவுண்ட் சுவரில் ஒரு காலை ஊன்றிக்கொண்டு கேட்பார்.

"தம்பி, இன்னைக்கு மழை எவ்ளோ?"

ஒரு ஐப்பசியில் புயல் கரை கடந்த மறுநாள் காலை. ஊருக்கு மேலே வானம் வெளுத்திருந்தது. மலை மட்டும் மேகத்துக்குள் இருந்தது. நான் கண்ணாடியைத்தான் பார்த்தேன்.

"மழையே இல்ல அண்ணாச்சி. வெறும் ரெண்டு மில்லி."

"அப்பம் சரி. லாட்ஜ்ல ஒரு பார்ட்டி அருவில குளிக்கணும்னு நிக்காவ. கூட்டிட்டுப் போயிருதேன்."

மலைமேல் விடிய விடியக் கொட்டியிருக்கிறது. பத்து மணிவாக்கில் அருவியில் திடீரென்று வெள்ளம் வந்தது. குளித்துக்கொண்டிருந்தவர்களை ஒவ்வொருவராகக் கரைக்குத் தள்ளிவிட்டிருக்கிறார் அண்ணாச்சி. அவரை மறுநாள்தான் எடுத்தார்கள்...

சில மாதம் கழித்து மெட்ராஸிலிருந்து ஓர் ஆபீஸர் வந்தார். புயல் நாட்களில் சாட்டிலைட் காட்டிய மழை, ராடார் காட்டிய மழை, எங்கள் மானியில் விழுந்த மழை, மூன்றையும் ஒப்பிட்டுப் பார்க்கிற வேலை அவருக்கு. அண்ணாச்சி போன அந்த நாளின் இரண்டு தாள்களை மேஜையில் விரித்தார். சாட்டிலைட் படத்தில் மலை முழுக்க வெள்ளையாக மேகம். ராடார் தாளில் அதே இடம் வெறுமையாக இருந்தது.

"தூரம் வேற, மலை வேற மறைக்குது. ராடாருக்கு அங்க தெரியாது" என்றார்.

பிறகு என் நோட்டைப் புரட்டினார். அந்தத் தேதிக்கு நேராக ரெண்டு மில்லி.

"சாட்டிலைட் ஒண்ணு சொல்லுது, ராடார் ஒண்ணு சொல்லுது. உங்க ஆபீஸ் வளாகத்துக்கு உங்க ரீடிங் கரெக்ட்தான்" என்று பென்சிலால் ஒரு டிக் போட்டார்.

என்னால் அந்த டிக்கைப் பார்க்க முடியவில்லை. டீ சொல்லிவிட்டு வருகிறேன் என்று வெளியே வந்து, அந்தச் சுவரோரம் நின்று அழுதேன்.

இப்போது போனைத் திறந்தால் மலைமேல் பெய்கிற மழை பச்சை, மஞ்சள், சிவப்பு என்று கலர் கலராகத் தெரிகிறது. ஆனாலும் வெளியூரில் இருக்கும் மகள், "அப்பா, அங்க மழையா?" என்று கேட்டால் எழுந்து வாசலுக்குப் போய்ப் பார்க்கிறேன்.

"நம்ம வாசல்ல இல்லம்மா. மலையில என்னன்னு எனக்குத் தெரியாது" என்கிறேன்.

சுவரில் கால் ஊன்றி நின்றவரிடமும் அவ்வளவுதான் சொல்லியிருக்க வேண்டும்.