மூன்றாவது திட்டில் மதியச் சாப்பாடு

போன செவ்வாய்க்கிழமையிலிருந்து நான் சரியாகப் பேசவில்லை. வீட்டில் எல்லோருக்கும் ரொம்ப நிம்மதி.

வாராவாரம் என் வம்பளப்பைப் படித்து அவதிப்படும் உங்களுக்கும் இந்த ஒரு வாரம் ஓய்வு கொடுத்திருக்கலாம். முடியவில்லை. கேட்டதை யாரிடமாவது சொன்னால்தான் எனக்குச் சோறு இறங்கும் போலிருக்கிறது. சம்பந்தப்பட்ட இருவரும் எழுதச் சம்மதித்துவிட்டார்கள். பேரை மட்டும் மாற்றச் சொன்னார்கள், மாற்றிவிட்டேன்.

விஷயம் ஓர் உல்லாசப் பயணம்.

ஆமாம், உல்லாசப் பயணம்தான். கோப்பி இலையில் மஞ்சள் பொட்டு விழுந்து, தோட்டத்துரையிலிருந்து கடைக்காரன் வரை தலையில் கை வைத்துக்கொண்டிருக்கும் நேரத்தில், கண்டியில் மூன்று பேர் உட்கார்ந்து கடலில் படகு விடத் திட்டம் போட்டோம். அந்த மூவரில் நானும் ஒருவன்.

ஆரம்பித்து வைத்தவர் என் நண்பர் சின்னையா. கட்டுகலையில் அரிசிக்கடை வைத்திருக்கிறார். தெல்தோட்டைப் பக்கத்துத் தோட்டங்களுக்கு அவர் கடை அரிசிதான் போகிறது. ஏற்றிப் போகும் மாட்டுக் கரத்தைகள் எங்கள் கந்தோருடையவை. அந்த ஆபீசில் நான் கிளார்க். சிநேகம் அப்படி வந்தது.

ஒரு நாள் மாலை குளக்கரையில் நடந்துகொண்டிருந்தோம். துரைமார் இருவர் படகு வலித்துக்கொண்டு போனார்கள்.

"கிளாக்கரையா, இவங்க மட்டுந்தான் சும்மா படகு விடணுமா? நாம ஏறுனா மெதக்காதா?" என்றார் சின்னையா.

குளத்தில் என்றுதான் நினைத்தேன். இல்லை. மன்னாருக்குப் போய், அங்கே சின்னப் பாய்ப்படகு ஒன்று பிடித்து, ராமர் அணையின் மணல்திட்டுகளில் இறங்கி ஏறி, ராமேஸ்வரம் வரை போய்த் திரும்பி வருவதாம்.

"கோயிலுக்கா?"

"கோயிலுக்கும் போகலாம். சும்மா பாத்துட்டு வரலாம்."

சும்மாவா? காலிச் சாக்கைக்கூட சும்மா கொடுக்காத மனிதர் இவர்.

அதுவும் அந்தக் கடலில்? அந்த வழியாக வருகிறவர்கள் யார் என்று உங்களுக்குத் தெரியும். தோட்டங்களுக்குக் கங்காணிமார் பிடித்துவரும் கூலிச் சனங்கள். மன்னாரில் இறங்கி, காடெல்லாம் நடந்து, மாத்தளை, அக்குறணை வழியாகக் கால் வீங்கி வந்து சேருவார்கள். நாம் அப்படியா? நாம் டவுன்காரர்கள். தூத்துக்குடியில் கப்பல் ஏறிக் கொழும்பில் இறங்கியவர்கள். கடைத்தெருவில் யாரை வேண்டுமானாலும் கேளுங்கள் — கப்பலில் எத்தனை தடவை வாந்தி எடுத்தார் என்பது வரை பெருமையாகச் சொல்லுவார்.

ஆனாலும் ஆசை யாரை விட்டது? திட்டம் போடும் வேலையை நான் எடுத்துக்கொண்டேன்.

எனக்குத் தெரிந்ததெல்லாம் கரத்தைப் பாதை. கடலையும் அப்படியே பிரித்துவிட்டேன். முதல் தங்கல் இங்கே, இரண்டாவது தங்கல் அங்கே, மூன்றாவது மணல்திட்டில் படகை நிறுத்தி அடுப்பு மூட்டி மதியச் சாப்பாடு. மாடு மாற்றும் இடம் எது என்றுகூட ஒரு நிமிஷம் யோசித்தேன் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

இடையில் எல்லை வேறு இருக்கிறது. இந்தப் பக்கம் இலங்கை சர்க்கார், அந்தப் பக்கம் சென்னை சர்க்கார். ராணி ஒருத்திதான், கஸ்டம்ஸ் இரண்டு. நடுவில் இருக்கிற திட்டுகள் யாருக்குச் சொந்தம்? கந்தோரில் எங்கள் துரையிடமே கேட்டேன். "யாருக்கு வேண்டும் அது?" என்று சிரித்தார்.

மூன்றாவது ஆள் தானாக வந்து சேர்ந்தார். வைத்திலிங்கம், துணிக்கடைக்காரர். அவர் மகனுக்குச் சின்னையாவின் ஒரே மகள் தங்கத்தைப் பேசியிருந்தார்கள். வெற்றிலை பாக்கு மாற்ற நாள் பார்ப்பதுதான் பாக்கி. அதற்குள்ளேயே சின்னையாவை வாய் நிறைய 'சம்பந்தி' என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டார்.

"என்ன சம்பந்தி, என்னைய விட்டுட்டா போவீங்க?" என்றார். சின்னையாவின் முகம் சட்டென்று வாடியது. சம்பந்தி வந்தால் பயணச் செலவு தன் தலையில் விழும் என்று பயப்படுகிறார் போல, என்று நினைத்துக்கொண்டேன். என் புத்தி அவ்வளவுதான் போகும்.

ஆனால் வைத்திலிங்கம் நல்ல விவரக்காரர். நான் திட்டத்தை வாசித்தபோது, தலைமன்னாரில் குடிதண்ணீர் பிடித்துக்கொள்வது என்ற இடத்தில் தடுத்தார்.

"அந்தக் கெணத்த நம்பாதீங்க. கரிக்கும், வயிறு போயிரும். கொஞ்சம் தள்ளிப் பனமரம் நிக்கிற எடத்துல மணலக் கையால தோண்டுனா நல்ல தண்ணி ஊறும்."

அடடா, என்ன அனுபவம் என்று வியந்து எழுதிக்கொண்டேன்.

இனி செவ்வாய்க்கிழமை.

அக்குறணை வியாபாரி ஒருவர் மூலமாகச் சொல்லிவிட்டிருந்த படகுக்காரர் மீரான் மன்னாரிலிருந்து வந்து சேர்ந்தார். அரிசிக்கடையின் மேல்மாடியில் உட்கார நாலு கதிரைகள். இஞ்சி தட்டிப் போட்ட கோப்பி. வெளியே நல்ல மழை. நான் தொண்டையைச் செருமிக்கொண்டு என் திட்டத்தை வாசித்தேன். மாசி பங்குனியில் கடல் அமைதியாக இருக்கும், போகலாம் என்று மீரான் தலையாட்டிக்கொண்டே வந்தார். மூன்றாவது திட்டு வந்ததும் தலை நின்றது.

"அதுல நாங்க அடுப்பு மூட்டுறல்ல மொதலாளி."

"ஏன், விறகு கெடைக்காதா?" இது நான்.

"விறகு கொண்டு போகலாம். ஆனா அங்க மூட்டுறல்ல. எங்கட வாப்பா காலத்துல கூலிச் சனங்கள ஏத்திக்கிட்டு வரக்குள்ள, படகுல யாருக்கும் வாந்திபேதி கண்டா அங்கதான் எறக்கி விட்டவங்க. கரைக்குக் கொண்டு போனா எல்லாரையும் மறிச்சு வச்சிருவாங்க எண்டு. எங்கட வாப்பா அப்பிடிச் செய்யல்ல. செஞ்சவங்க இருந்தாங்க."

"எறந்ததுக்குப் பிறகா?" என்று கேட்டேன்.

மீரான் கோப்பியைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "உசிரோட."

அந்த இடத்தில்தான் பருப்பும் அப்பளமும் என்று எழுதி வைத்திருக்கிறேன்!

வைத்திலிங்கம்தான் முதலில் சமாளித்துக்கொண்டார். கொஞ்சம் சத்தமாகவே சிரித்தார். "கூலி ஆளுங்கதானே. அதுக்கு நாம என்ன செய்றது? வேற எடத்துல சாப்புட்டாப் போச்சு. மாத்தி எழுதிக்குங்க கிளாக்கரையா."

சின்னையா கையிலிருந்த டம்ளரைக் கீழே வைத்தார்.

"எங்கம்மாவும் அங்கதான் இருக்கு" என்றார்.

எனக்குப் புரியவில்லை. அவருடைய அம்மா திருநெல்வேலியில், ஊரில், காய்ச்சலில் போனதாக அல்லவா சொல்லியிருந்தார்? திதி தெரியாது என்று வருஷா வருஷம் ஆடி அமாவாசைக்கு மகாவலியில் இறங்கி எள்ளும் தண்ணீரும் விடுவார். நானே கூடப் போயிருக்கிறேன். பெற்ற தாய் செத்த நாள் ஒரு மனிதனுக்கு எப்படித் தெரியாமல் போகும் என்று ஒரு தடவையாவது எனக்குத் தோன்றியதா?

அவர் சொல்லச் சொல்லக் கேட்டுக்கொண்டிருந்தோம். சின்னப் பிள்ளையாம் அப்போது. அப்பா கிடையாது. அம்மாவோடு கங்காணியின் ஆட்களில் ஒருவராக வந்திருக்கிறார். நடுக்கடலில் அம்மாவுக்கு வாந்தி.

"திரும்பி வர்ற படகு ஏத்திக்கும்னு சொல்லி எறக்கி விட்டாங்க. வீட்டுலருந்து கொண்டாந்த செம்பு ஒண்ணு, அதுல தண்ணி ஊத்திப் பக்கத்துல வச்சாங்க. எனக்கு வெல்லக்கட்டி குடுத்தாங்க. நான் அத தின்னுக்கிட்டே பாத்துக்கிட்டு வந்தேன். ரொம்பத் தூரத்துக்கு அந்தச் செம்பு மினுங்கிக்கிட்டு இருந்திச்சு."

பிறகு அவர் மீரானைப் பார்த்து, "அந்தத் திட்டக் காட்டுவீங்களா?" என்று கேட்டார்.

"மணல் ஒரே எடத்துல நிக்காது மொதலாளி. காத்துக்கும் நீரோட்டத்துக்கும் நகரும். இப்ப மூணாவதா இருக்கிறது அண்டைக்கு எதுவா இருந்திச்சோ..."

வைத்திலிங்கம் எழுந்தார். முகத்தில் ரத்தமே இல்லை. சொல்லிக்கொள்ளாமல் படியிறங்கிப் போய்விட்டார். குடையைக்கூட எடுக்காமல் அந்த மழையில் நனைந்துகொண்டே போனதை ஜன்னல் வழியாகப் பார்த்தேன். கூலிக்காரி மகனோடு ஒரே அறையில் இருக்கப் பிடிக்கவில்லை, அவ்வளவு அருவருப்பு என்றுதான் எனக்குப் பட்டது.

மறுநாளே வைத்திலிங்கம் வீட்டிலிருந்து ஆள் வந்தது. பெண்ணின் ஜாதகத்தில் செவ்வாய் தோஷம் இருக்கிறதாம். ஜோசியர் இப்போதுதான் பார்த்தாராம். இந்த இடம் வேண்டாமாம்.

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. நேரே சின்னையாவிடம் போனேன்.

"கல்யாணம் முடியிற வரைக்கும் வாய மூடிக்கிட்டு இருந்திருக்கக் கூடாதா? இவ்வளவு நாளு இருந்தீங்களே."

"இருக்கத்தான் நெனச்சேன். அதுக்குத்தானே இந்த உல்லாசப் பயணம், வேடிக்கை எல்லாம். யாருக்கும் தெரியாம ஒரு தடவ பாத்துட்டு வந்துரலாம்னு. ஆனா 'கூலி ஆளுங்கதானே'ன்னு அவரு சிரிச்சாரு பாருங்க... அதக் கேட்டுக்கிட்டு நானும் சிரிச்சிருந்தா, அந்தத் திட்டுல எங்கம்மாவ நானும் ஒரு தடவ எறக்கி விட்ட மாதிரித்தானே?"

"தங்கம் என்ன சொல்லுது?" என்று கேட்டேன். கேட்கவே பயமாக இருந்தது. இது ஊரெல்லாம் தெரிந்துவிட்டால் அந்தப் பெண்ணுக்கு இனி யார் வருவார்கள்?

"அழும்னு நெனச்சேன். அழல்ல. 'அப்பாயி பேரு என்னப்பா?'ன்னு கேட்டிச்சு. பேச்சியம்மான்னு சொன்னேன். எங்கம்மா பேர வாயால சொல்லி எவ்வளவு காலமாச்சு தெரியுமா கிளாக்கரையா?" அதைச் சொன்னபோதுதான் அவர் அழுதார். பெரிய மனிதர் ஒருவர் அப்படி அழுது நான் பார்த்ததில்லை. பார்க்காமல் இருந்திருக்கலாம்.

வெள்ளிக்கிழமை கந்தோரில் உட்கார்ந்திருந்தேன். வேலை ஓடவில்லை. பயணத் திட்டத்தைக் கிழித்துப் போடலாம் என்று எடுத்தேன். குடிதண்ணீர் என்ற இடத்தில் கண் நின்றது.

கிணறு கரிக்கும். பனைமரத்துக்கிட்டே கையால் தோண்டினால் நல்ல தண்ணீர்.

தூத்துக்குடியில் ஏறிக் கொழும்பில் இறங்கியவருக்குத் தலைமன்னார்க் கிணற்றுத் தண்ணீரின் ருசி எப்படித் தெரிந்தது?

தொப்பியைக்கூட எடுக்காமல் துணிக்கடைக்கு ஓடினேன். வைத்திலிங்கம் ஒரு பெண்ணுக்குச் சீத்தைத் துணி அளந்துகொண்டிருந்தார். கிட்டே போய்த் தணிந்த குரலில், "அந்தக் கெணத்துத் தண்ணி கரிக்கும்னு சொன்னீங்களே, நீங்க எப்பக் குடிச்சீங்க?" என்றேன்.

அவர் நிமிரவில்லை. அளந்துகொண்டே இருந்தார். நாலு முழம் கேட்ட பெண்ணுக்கு ஏழு முழம் கிழித்துக் கொடுத்தார். அரை விரல்கடைக்குச் சண்டை போடுகிறவர். அந்தப் பெண் அவர் மனசு மாறுவதற்குள் வாங்கிக்கொண்டு போய்விட்டாள்.

கடையில் வேறு யாரும் இல்லை. மிச்சத் துணியைச் சுருட்டி வைத்துக்கொண்டே கேட்டார்.

"சின்னையா மூணாவது திட்டுன்னா சொன்னாரு?"

"ஆமா."

"எங்க அக்கா அதுக்கு அடுத்ததுல."

நான் அப்படியே துணிமூட்டை மேல் உட்கார்ந்துவிட்டேன். இந்த மனிதரா சிரித்தார்? இந்த மனிதர்தான் சிரித்தார். வேறு யாரால் அவ்வளவு சத்தமாகச் சிரிக்க முடியும் என்று இப்போது தோன்றுகிறது.

"எம் பொண்டாட்டிக்கே தெரியாது" என்றார். பிறகு, "படகுல எனக்கு எடம் இருக்குதானே? சம்பந்திகிட்ட சொல்லிருங்க" என்றார்.

"செவ்வாய்?"

"ஜோசியரு தப்பாப் பாத்துட்டாரு."

சொன்னேன். சின்னையா எழுந்து வைத்திலிங்கம் விட்டுப்போன குடையை எடுத்துத் துடைத்துத் தானே கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தார். இருவரும் என்ன பேசினார்கள் என்று எனக்குத் தெரியாது, கேட்கவும் இல்லை. கல்யாணம் வைகாசியில். படகு அதற்கு முன்னால். தங்கமும் வருகிறாள். திட்டத்தைப் புதிதாக எழுதிவிட்டேன்: எது எந்தத் திட்டு என்று தெரியாததால் எல்லாத் திட்டிலும் இறங்குவது. எதிலும் சமைப்பதில்லை.

இந்த இருவரும் யார் என்று கடைத்தெருவில் விசாரிக்காதீர்கள். விசாரித்தால், நீங்கள் எப்படி வந்தீர்கள் என்று நான் கேட்க வேண்டி வரும். யோசித்துப் பாருங்கள்... கண்டியில் கப்பலில் வந்ததாகச் சொல்கிற அத்தனை பேரையும் நிஜமாகவே ஏற்றியிருந்தால், அந்தக் கப்பல் தூத்துக்குடியை விட்டே கிளம்பியிருக்காது.

எங்கள் குடும்பம்? சந்தேகமில்லாமல் கப்பல்தான். நான் கைக்குழந்தையாக வந்தேனாம். இதை எழுதி முடித்துவிட்டு, ஒரு பேச்சுக்கு, அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்த அம்மாவிடம் கேட்டேன்.

"ஏம்மா, நாம வந்த கப்பலு பேரு என்ன?"

அம்மாவின் கை நின்றது. நிமிரவில்லை.

"இந்தத் தடவ அரிசியில கல்லு ஜாஸ்தி. ஒன் கூட்டாளிகிட்ட சொல்லி வை" என்றாள்.

படகில் இன்னும் ஓர் இடம் வேண்டும் என்று மீரானுக்குச் சொல்லி அனுப்பியிருக்கிறேன்.