எட்டுக் கோரும் நூறு சதவீதம்

ஆபீஸில் அவருக்கு நத்தை என்றுதான் பெயர். நடை மெதுவாக, சாப்பாடு அதைவிட மெதுவாக. அப்படிப்பட்ட மனுஷருக்குப் போய் வேகத்தை அளக்கிற வேலை வாய்த்தது பாருங்கள்.

அதற்கு முன்னால் பல வருஷம் அதே இன்டர்நெட் கம்பெனியில் போனில் புகார் கேட்கிற சீட்டில் இருந்தார். காலையில் ஹெட்செட்டை மாட்டினால் சாயங்காலம் வரை திட்டு வாங்க வேண்டும். வீட்டுக்கு வந்தால் வாயே திறக்க மாட்டார். மனைவி கேட்டால் "ம்", மகள் கேட்டால் "ம்ஹூம்". சோதனை அறைக்கு மாறிய பிறகுதான் அந்த வீட்டில் பேச்சுச் சத்தம் கேட்டது.

பேசியதெல்லாம் ஒரே விஷயம். இன்டர்நெட்டில் தகவல் துண்டு துண்டாக வரும் பாக்கெட்டுகளை வாங்கி, போகிற வழி பார்த்துத் தள்ளிவிடுவதற்குப் பெரிய ரௌட்டர் பெட்டியே வேண்டாம். யாரும் எடுத்துக்கொள்ளக்கூடிய ஓப்பன் சோர்ஸ் மென்பொருளைச் சாதாரண சர்வரில் போட்டாலே போதும் என்பார். முதலாளியம்மா காதிலும் இதையே ஓதினார். அந்த அம்மா கறார் பேர்வழி.

"சரி தம்பி, வெள்ளிக்கிழமை மத்தியானம் வந்து பாக்கறேன். பழைய ரௌட்டர் பெட்டி அளவுக்கு ஓடினா இதையே வச்சுக்கலாம். ஓடலைன்னா இந்த ரூமை மூடிடலாம். புகார் சீட்டு ஒண்ணு காலியாத்தான் இருக்கு, நீங்க அங்க வந்துடுங்க."

வெள்ளிக்கிழமை காலை சோதனைப் பாக்கெட்டுகளை அனுப்பிப் பார்த்தார். பழைய பெட்டி தள்ளுவதில் கால்வாசிகூடத் தேறவில்லை. சர்வரின் மூளைக்குள் பாக்கெட் தள்ளுகிற எட்டுக் கோரும் நூறு சதவீதம் என்றது திரை. எட்டும் மூச்சுமுட்ட உழைத்தே இவ்வளவுதான் என்றால் கதை கந்தல். கேபிளை மாற்றினார், நெட்வொர்க் கார்டை மாற்றினார். எண் அசைந்து கொடுக்கவில்லை. அந்த நேரம் பார்த்து மனைவி போன் செய்தாள்.

"என்னங்க ஆச்சு?"

"ம்" என்றார்.

போனை வைத்துவிட்டுக் கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் இருந்த புகார் சீட்டுகளைப் பார்த்தார். எல்லோரும் ஹெட்செட்டோடு விறைப்பாக உட்கார்ந்திருந்தார்கள். பார்க்கிறவர்களுக்கு அத்தனை பேரும் வேலையில் மூழ்கியிருப்பதாகத் தோன்றும். அங்கே குப்பை கொட்டியவருக்கல்லவா தெரியும்! ஒரே நம்பரிலிருந்து எத்தனை முறை அழைத்தாலும், கதையை முதலிலிருந்து சொல்ல வேண்டாமே என்று, ஒரே சீட்டுக்குத்தான் போகும். அப்படி ஒரு ஆளிடம் மாட்டி இவர் நாள் முழுக்க லோல்படுவார். பக்கத்து சீட்டுக்காரர் 'வருதா, வருதா' என்று காத்துக் கிடப்பார்.

"அட மக்கு" என்று தன்னையே திட்டிக்கொண்டார்.

இந்த மென்பொருளும் அதே ரகம். பாக்கெட் வந்ததா என்று ஓயாமல் எட்டிப் பார்த்துக்கொண்டே இருப்பதால், சும்மா இருக்கிற கோரும் நூறு சதவீதம் என்றே காட்டும். இவருக்குத் தெரியாததா? ஊருக்கெல்லாம் சொன்னவர்தான். பயம் பிடித்தால் தெரிந்ததும் மறந்துபோகிறது, என்ன செய்ய. ஒவ்வொரு கோரும் தள்ளிய கணக்கைத் தனித்தனியாக எடுத்துப் பார்த்தார். ஒன்று சுமந்தது, ஏழு வேடிக்கை பார்த்தன. சோதனைப் பாக்கெட் அத்தனையையும் இவர் ஒரே முகவரியிலிருந்து ஒரே முகவரிக்கு அனுப்பியிருந்தார். வரிசை கலையக் கூடாதென்று எல்லாம் ஒரே கோருக்குப் போயிருந்தன. நிஜத்தில் ஊரே அல்லவா ஒரே நேரத்தில் இன்டர்நெட் பார்க்கிறது?

அனுப்புகிற முகவரிகளை ஆயிரக்கணக்கான வீடுகளாக மாற்றி மறுபடி ஓட்டியபோது முதலாளியம்மா பின்னால் வந்து நின்றார். எண் ஏறியது. பழைய பெட்டியைத் தாண்டியும் ஏறியது.

"எல்லாம் நூறுன்னு காட்டுதே, வெடிச்சுடாதே தம்பி?"

"வெடிக்காது மேடம். அது சும்மா இருந்தாலும் அப்படித்தான் காட்டும்."

"அப்ப ரூம் இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

இவர் நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தார். அப்பாடா! கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. துடைத்துக்கொண்டு வீட்டுக்குப் போன் போட்டு ஆரம்பித்தவர் நிறுத்தவே இல்லை. மகள் பள்ளிக்கூடம் விட்டு வந்தபோதும் போன் சமையல் மேடைமேல் ஸ்பீக்கரில் பேசிக்கொண்டிருந்தது.

"அம்மா, அப்பா இன்னும் முடிக்கலையா?"

"இப்பதான் மூணாவது கோருக்கு வந்திருக்கார். நீ சாப்பிடு" என்றாள் அவள், போனை அணைக்காமல்.