பொட்டு வைத்த லாரிகள்

சண்டைக் காலத்தில் பட்டாளத்து லாரி ஓட்டிய என் வீட்டுக்காரர், ஊர் திரும்பும்போது ஓர் ஆல்பம் கொண்டுவந்தார். பக்கத்துக்குப் பக்கம் பாலைவனம், லாரி, லாரிமேல் சாய்ந்தபடி அவர். அந்த வருஷ ஆயுத பூசைக்குக் கலப்பை, கடப்பாரைக்கெல்லாம் பொட்டு வைத்த நான், அவரைப் பத்திரமாகச் சுமந்த லாரிகளை மட்டும் விடுவேனா? படத்திலிருந்த ஒவ்வொரு லாரிக்கும் சந்தனம் தொட்டு, குங்குமம் வைத்தேன்.

அன்று சாயங்காலமே ராசிபுரத்திலிருந்து ஒரு வக்கீல் வந்தார். பழைய வாள், நாணயம் என்று சேர்த்துவைப்பவர். ஆல்பத்தை விலைக்குக் கேட்டிருந்தார். திறந்து பார்த்ததும் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"ஏனுங்கம்மா, சரித்திரத்தையே கெடுத்துப்புட்டீங்களே! இனி இத நான் வாங்க முடியாதுங்க."

பூசை போட்டால் கெட்டுப்போகுமாம்! அவருக்குப் பொரியும் கடலையும் கொடுத்ததே அதிகம்.

ஆனாலும் மனசு கேட்காமல் கடைசிவரை புரட்டியவர், என் வீட்டுக்காரரிடம் கேட்டார்: "எல்லா லாரிக்கும் பொட்டு இருக்குது. உங்களுக்கு மட்டும் ஒரு படத்துலயும் இல்லீங்களே?"

"செத்தவங்களுக்குத்தானுங்க படத்துல வெப்பாங்க," என்று சிரித்த இவர், தன் நெற்றியைத் தொட்டுக் காட்டினார். "எனக்கு இங்கயே வெச்சுட்டாளுங்க."