சிவப்பு வாளியும் கண்ணாடி நூலும்

சிறுவயதில் நான் யாரையும் லேசில் நம்பியதில்லை. பால்காரர் தண்ணீர் கலக்கிறாரா என்று பார்க்க அவர் பின்னாலேயே இரண்டு தெரு நடந்திருக்கிறேன். ஸ்கூலில் என் ரப்பர் தொலைந்தால் டீச்சரின் பையைக்கூட ஒரு கண் பார்த்துவிடுவேன். அப்படிப்பட்டவளுக்கு ஒன்பது வயதில் வீட்டுக்குள்ளேயே ஒரு சந்தேகம் கிடைத்தால் சும்மா இருப்பேனா?

சந்தேகம் அத்தையின் மேல். அத்தை என்றால் அப்பாவின் தங்கை. ஸ்ரீரங்கத்தில் கொள்ளிடக்கரைப் பக்கம் ஒரு ஒண்டுக்குடித்தனத்தில் எங்களோடு இருந்தாள். ஐந்து போர்ஷனுக்கும் சேர்த்து ஒரு குழாய், ஒரு துவைக்கிற கல். தினமும் காலையில் இரண்டு பஸ் மாறி, துவாக்குடிப் பக்கம் ஒரு சின்ன கம்பெனிக்கு அவள் வேலைக்குப் போவாள். அங்கே மெஷினில் நூல்கண்டுகள் ஒன்றையொன்று சுற்றிச் சுற்றி ஓட, நடுவில் குழாய் மாதிரி ஒரு உறை பின்னிக்கொண்டே மேலே ஏறுமாம். தலை பின்னுவது மாதிரிதான் என்பாள். வெள்ளை உறை கண்ணாடி நூலால் ஆனது. சூடு படும் இடத்தில் ஓடும் ஒயருக்கு அதைச் சட்டை போல மாட்டுவார்கள். கறுப்பு உறை கரி நூல். அச்சின் மேல் இழுத்துவிட்டுப் பசை ஊற்றிக் காயவைத்தால் இரும்பாக இறுகிவிடும். மஞ்சள் நூல் ஒன்று உண்டு, சாதாரணக் கத்தரிக்கோலுக்கு மசியாது. இதில் ஒரு வார்த்தையையும் நான் நம்பவில்லை. கண்ணாடியில் யாராவது நூல் நூற்பார்களா?

அதைவிடச் சந்தேகம், வேலைவிட்டு வந்ததும் அவள் செய்த காரியங்கள். ஓடிப்போய்க் கட்டிக்கொள்ளப் போனால் கையை நீட்டித் தடுப்பாள். நேரே குளிக்கப் போய்விடுவாள். மார்கழியிலும் பச்சைத்தண்ணீர்தான், தேய்க்காமல் மொண்டு மொண்டு ஊற்றிக்கொள்ளும் சத்தம் மட்டும் கேட்கும். வேலைக்குப் போட்டுப்போன துணி தனியாக ஒரு சிவப்பு வாளியில் ஊறும். அலசிய தண்ணீர் நேராகச் சாக்கடைக்குப் போகும். துவைக்கிற கல் பக்கமே அந்தத் துணி போகாது.

"அந்த வாளியத் தொட்டேன்னா கை இருக்காது பாப்பா" என்பாள்.

ஏதோ ஒளிக்கிறாள் என்று முடிவு கட்டினேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அம்மாவும் அத்தையும் காந்தி மார்க்கெட்டுக்குப் போன நேரம் பார்த்து அத்தையின் பையைக் குடைந்தேன். முடிச்சுப் போட்ட ஒரு கவருக்குள் முழ நீளத்துக்கு வெள்ளை உறை. இஸ்திரிப் பெட்டி ஒயரின் தேய்ந்த இடத்தில் மாட்ட அப்பா கேட்டார் என்று, கம்பெனிக் கழிவில் கேட்டு வாங்கி வந்திருக்கிறாள். அது எனக்குத் தெரியாது. அதன் மினுமினுப்பைப் பார்த்ததும் பட்டு என்றே நினைத்தேன். ஆக, அத்தை பட்டு நெய்கிறாள். எனக்கு ஒரு ரிப்பன்கூடக் கொடுக்க மனசில்லை! ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.

நுனியைப் பிரித்தால் இழை இழையாக வந்தது. மொட்டைத்தலை பொம்மைக்கு முடி வைக்கலாம் என்று தோன்றியது. இன்னும் பளபளப்பாகட்டும் என்று துவைக்கிற கல்லில் போட்டு, சோப்பு வைத்து, தேய் தேய் என்று தேய்த்தேன். பட்டு உதிர்ந்துகொண்டே போனது. உதிர்ந்தது அத்தனையும் கல்லின் சொரசொரப்பில் கண்ணுக்குத் தெரியாத முள்ளாகக் குத்தி நின்றது என்று இப்போது சொல்கிறேன். அப்போது எனக்கு இருந்த கவலையெல்லாம் மாட்டிக்கொள்ளக் கூடாது என்பதுதான். மிச்சத்தைத் தென்னை மரத்தடியில் புதைத்துவிட்டு, கவரில் ஒரு பழைய கைக்குட்டையைச் சுருட்டி வைத்து முடிச்சுப் போட்டேன். கை அரித்தது. வீட்டுக்கார அம்மாவின் நாயைச் சந்தேகப்பட்டேன்.

இரண்டு நாளில் ஐந்து போர்ஷனும் சொறிந்துகொண்டிருந்தது. அந்தக் கல்லில் அடித்த துணியைத்தானே எல்லோரும் உடுத்துகிறோம். ஒருவர் தண்ணீர்த் தொட்டியைச் சொன்னார், ஒருவர் புது சோப்பைச் சொன்னார். கடைசியில் எல்லோர் பார்வையும் கடைசி போர்ஷனில் போய் நின்றது. அங்கே ஒரு அக்கா கைக்குழந்தையோடு குடிவந்து பதினைந்து நாள்தான் ஆகியிருந்தது. அவள் புருஷன் லாரி டிரைவர், லோடு ஏற்றிக்கொண்டு வடக்கே போயிருந்தார். குழந்தையின் கழுத்திலும் முதுகிலும் சிவப்புச் சிவப்பாகப் பொரிந்திருந்தது.

"நீங்க வந்தப்புறம்தானே எல்லாருக்கும் அரிக்குது?" என்றாள் வீட்டுக்கார அம்மா.

"அது வேர்க்குருங்க. பவுடர் போட்டா போயிடும்."

"வேர்க்குரு எங்களுக்கெல்லாம் ஒட்டுமா? வெள்ளிக்கிழமைக்குள்ள காலி பண்ணிடுங்க."

"அவரு வர்ற வரைக்குமாவது பொறுங்கம்மா. பச்சப்புள்ளய வெச்சிக்கிட்டு நான் எங்கங்க போவேன்?"

அந்த நேரத்தில் நான் முன்னால் போய் நின்று, அந்தக் குழந்தையின் துணியை அந்த அக்கா கல்லில் துவைத்ததை என் கண்ணால் பார்த்தேன் என்று சாட்சி சொன்னேன். பொய்யில்லை, பார்த்தது உண்மைதான். வீட்டுக்கார அம்மா என் தலையைத் தடவி ஒரு முறுக்கு கொடுத்தாள்.

வியாழக்கிழமை அத்தைக்கு லீவு. காலை வெயில் கல்லின் மேல் சாய்வாக விழுந்திருந்தது. குழாயடிக்குப் போனவள் அப்படியே குத்துக்காலிட்டு உட்கார்ந்து, தலையைச் சாய்த்துக் கல்லைப் பார்த்தாள். விரலால் தொட்டு, விரலைப் பார்த்தாள். உள்ளே வந்து கவரைப் பிரித்தாள். கைக்குட்டையைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். நான் கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய்ச் சொறிந்தேன். அவள் ஹோஸும் துடைப்பமுமாகப் போய் ஒரு மணி நேரம் அந்தக் கல்லைக் கழுவினாள்.

"நல்லா கழுவு. எவ கொண்டாந்த வியாதியோ" என்றாள் வீட்டுக்கார அம்மா.

"அம்மா, இது வந்து..." என்று அத்தை ஆரம்பித்தாள்.

"யாரா இருந்தாலும் சரி, காரணமானவங்க இந்த வீட்டுல இருக்கக் கூடாது. அவ்வளவுதான்."

அத்தை எங்கள் போர்ஷன் வாசலைத் திரும்பிப் பார்த்தாள். அங்கே நான் நின்றுகொண்டிருந்தேன். அவள் மறுபடி துடைப்பத்தை எடுத்தாள்.

வெள்ளிக்கிழமை ஆட்டோ வந்தது. சாமான் ஏற்ற யாரும் கைகொடுக்கவில்லை. எல்லோரும் அவரவர் வாசலோடு சரி. அத்தை மட்டும் வேலைக்குப் போகவில்லை. பச்சைத்தண்ணீரில் குளித்து, இன்னும் அந்தக் கல்லில் அடிக்காத, பெட்டியின் அடியிலிருந்த தீபாவளிப் புடவையை எடுத்துக் கட்டிக்கொண்டு நேராகக் கடைசி போர்ஷனுக்குப் போனாள். அந்தக் குழந்தையை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டாள். அதன் பொரிந்த கழுத்தில் தன் கன்னத்தை வைத்துக்கொண்டு, கடைசிச் சட்டி ஏறும்வரை நின்றாள். அழுதுகொண்டே நின்றாள். பதினைந்து நாள் பழக்கத்துக்கு இத்தனை அழுகையா என்று ஜன்னல் வழியே சந்தேகப்பட்டேன். அந்த அக்காவிடம் ஏதாவது ரகசியமாக வாங்கிக்கொள்கிறாளா என்று அத்தையின் கையையே கவனித்தேன்.

இரண்டொரு நாளில் எல்லோருக்கும் அரிப்பு நின்றது. பார்த்தீர்களா, நான் சொன்னேனே என்று வீட்டுக்கார அம்மா எல்லா போர்ஷனுக்கும் போய்ச் சொன்னாள். அதில் என் சாட்சிக்கும் பங்கு உண்டு என்று எனக்கு ஒரே பெருமை.

ஊரில் ஒருவரையும் விடாமல் சந்தேகப்பட்ட எனக்கு, அன்றைக்குக் கேட்டிருக்க வேண்டிய ஒரு கேள்வி மட்டும் கேட்கத் தோன்றவில்லை. அத்தனை பேரும் தள்ளி நின்ற அந்தக் குழந்தையைக் கன்னத்தோடு ஒட்டி வைத்துக்கொள்ள அத்தைக்கு மட்டும் ஏன் பயமாக இல்லை?